வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தைக்கு

இன்று காலை உங்கள் பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கொசு க்ரீமைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டு, விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை என் கன்னத்தில் துடைத்துவிட்டு ஓடினாள். மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அதுவும் யூனிஃபார்மில் சேர்த்தி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன், அத்தை. தோசை கருகியதுதான் மிச்சம். நீங்கள் இருந்திருந்தால், "அடுப்படியில நிக்கையில என்னளா யோசன?" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பீர்கள்.

அவள் என் வயிற்றில் இருந்தபோதுதான் எனக்குத் துணையாக இருக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தீர்கள். செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு பையில் துணி, இன்னொரு பை நிறையக் கருப்பட்டி. "ஐதராபாத்ல சீனி கிடைக்கும் அத்தை" என்றேன். "கெடைக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்றீர்கள். உங்கள் மகன் விடிவதற்குள் கம்பெனி காரில் மாதாப்பூருக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். சைனிக்புரியில் அந்த மாடி வீட்டில் பகல் முழுவதும் நாம் இரண்டு பேர்தான். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் நீங்கள் கற்றுக்கொண்டவை இரண்டே சொற்கள்: ஹவ், நக்கோ. ஆமாம், வேண்டாம். அந்த இரண்டை வைத்துக்கொண்டு தள்ளுவண்டிக்காரனிடம் நீங்கள் கத்தரிக்காய் பேரம் பேசியதை எட்டிப் பார்த்து, சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா தெலுங்கில் சொன்னதை எல்லாம் நான்தான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். ஊரெல்லாம் டெங்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அந்தக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கேட்டுக்கொண்டே வந்த நீங்கள் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போலீஸ் ஆகிவிட்டீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்த டிரம்முக்கெல்லாம் மூடி. பூச்சாடித் தட்டில் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. எனக்கு முழுக்கை நைட்டி, கால்வரை க்ரீம். பட்டப்பகலில் கொசுவலையைக் கட்டி என்னை உள்ளே தள்ளிவிட்டு, நீங்கள் வெளியே பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்தீர்கள். "நீங்களும் உள்ள வாங்க அத்தை" என்றால், "ரெண்டு பேரு கெடந்தா வெக்கைளா, நீ கெட" என்பீர்கள். நானும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வேன்.

பால்கனியில் வீட்டுச் சொந்தக்காரர் வைத்திருந்த ஏர் கூலர் ஒன்றுதான் உங்களுக்கு அடங்கவில்லை. கோடை முடிந்தும் அதன் தொட்டியில் தண்ணீர் கிடந்தது. மூட்டுவலியோடு அதை நகர்த்த உங்களால் முடியாது. என்னை அந்தப் பக்கமே விடமாட்டீர்கள். "ஏல, அந்தச் சவத்தக் கொட்டித் தொலையேன்" என்று மகனிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தீர்கள். "ஞாயித்துக்கிழமை கொட்டிருதேம்மா" என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆபீஸிலிருந்து போன் வரும். கடைசியில் பழைய சேலை ஒன்றை அதன்மேல் போர்த்திவிட்டு, அப்போதைக்கு நிம்மதியாகிவிட்டீர்கள். கொசு புகுவதற்குச் சேலையின் ஓரத்தில் ஓர் இடுக்கு போதாதா? பின்னால் அதைத் திறந்து பார்த்தபோது தொட்டி முழுக்கப் புழு நெளிந்துகொண்டிருந்தது. உங்கள் மகன் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அத்தனை காவலையும் மீறி எனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்தார்கள், டெங்குதான். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தினமும் ஊசி குத்தி ரத்தத்தைப் பார்த்து, வயிற்றில் பிள்ளையின் துடிப்பைப் பார்த்து, நல்லபடியாகத்தான் அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்னதை உங்களுக்கு மறுபடியும் நான்தான் தமிழாக்கினேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். வலி மாத்திரை எதையும் தொடக் கூடாது, ரத்தக்கசிவு வந்துவிடும். காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும்; வயிறு வலித்தாலோ வாந்தி நிற்காமல் வந்தாலோ ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே ஓடி வர வேண்டும். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினீர்கள். அவ்வளவும் எனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டெங்கு என்றால் பிள்ளைத்தாய்ச்சியின் வியாதி என்று அந்த வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நிலவேம்புக் கஷாயத்தோடு வந்து நின்றீர்கள். எனக்கு இருந்த அசதியில், "டாக்டர் குடுக்காத எதையும் குடிக்க மாட்டேன், உங்க வைத்தியத்தை மூட்டை கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் முகம் சுருங்கிப் போனது. மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு. என் தலையைக்கூட நீங்கள் வாரிவிடவில்லை. தினமும் வயிற்றில் கை வைத்து, "என்ன சொல்லுதா எம்பேத்தி?" என்று கேட்பதும் நின்றுபோனது. பெண்தான் என்று நீங்களே முடிவு செய்திருந்தீர்கள்.

சரி, கோபம் என்று நினைத்தேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? நானும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டால், "நக்கோ" என்பீர்கள். கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்துக் கேட்டதற்கு, "வேர்க்குரு" என்று பவுடரைத் தட்டிக்கொண்டீர்கள். ஐதராபாத் மழைக்காலத்தில் ஏது வேர்க்குரு? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அத்தை.

ஒருநாள் காலையில் எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரக்கூந்தலில் துண்டைச் சுற்றியபடி மிளகு ரசம் வைத்தீர்கள். ரசத்தின் மணம் வீட்டைத் தூக்கியது. அப்பாடா, அத்தைக்குக் கோபம் தீர்ந்தது என்று மனசுக்குள் குதித்தேன். நம் பக்கத்தில் காய்ச்சல் விட்டால்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததே தெரியாது. மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டீர்கள். வாந்தி. வாயைக் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

கீழே இருந்த வீட்டுச் சொந்தக்காரர்தான் வண்டியை எடுத்தார். செகந்திராபாத் ஆஸ்பத்திரியில், "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று டாக்டரம்மா கேட்டதை உங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன். நீங்கள்தான் திக்கித் திணறிச் சொன்னீர்கள். ஹாலுக்குப் பாயை எடுத்துக்கொண்டு போன அன்றிலிருந்தாம். மூட்டுவலிக்கு வைத்திருந்த மாத்திரையைத்தான் காய்ச்சலுக்கும் போட்டீர்களாம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்போதும் என்னை விரட்டினீர்கள். "இவள மொதல்ல வெளிய அனுப்புங்க. ஏங்கிட்ட இருந்து ஒட்டிக்கிடும். பிள்ளைக்கு ஆகாது." அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனி டம்ளர், தனிப் பாய், வாராத தலை, எல்லாம் அதற்குத்தான். டெங்கு தொட்டால் ஒட்டுமா என்று நீங்கள் யாரிடம் கேட்பீர்கள்? இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு டாக்டரிடம் எப்படிக் கேட்பீர்கள்? மொழிபெயர்க்க இருந்த ஒருத்தியோ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "தொட்டா ஒட்டாதாம் அத்தை. கொசு கடிச்சாத்தான் பரவுமாம்."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "அப்பிடியா? அப்பம் வயித்தத் தொடலாமாளா?"

உங்கள் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டேன். அவள் உதைத்தாள். "ஆத்தாடி, கோட்டிக்காரி" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள், உங்கள் மகன் மாதாப்பூரிலிருந்து ஓடி வந்தார். மறுநாள் மதியத்துக்குமேல் நீங்கள் எங்களிடம் பேசவில்லை.

பெண்தான் பிறந்தாள், அத்தை. தெலுங்கில்தான் சண்டை போடுவாள், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். உங்களைப் பற்றிச் சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பாள்.

இப்போதெல்லாம் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் போன் போடுகிறேன். படுத்திருப்பவரை விசாரித்து முடித்ததும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது யார், அவர் சாப்பிட்டாரா, அவருக்கு உடம்பு சுடுகிறதா என்று கேட்கிறேன். எதிர்முனையில் பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோதான் இருப்பார்கள். "எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். பக்கத்துத் தெரு என்றால் நேரிலேயே போய்விடுகிறேன். போனதும் காய்ச்சல்காரருக்கு முன்னால் அந்த அம்மாவின் நெற்றியில்தான் கை வைக்கிறேன். கூச்சப்பட்டு விலகுவார்கள். நான் விடுவதில்லை. நான் அன்றைக்குக் கேட்டிருந்தாலும் நீங்கள் "எனக்கென்னளா" என்றுதான் சொல்லியிருப்பீர்கள், அத்தை. அதற்குப் பிறகும் நான் உங்களைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.