மாங்கொட்டைத் தூளும் சிவப்புச் சீட்டும்

நகரி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கீர்த்திக்கு நைனா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. போனில் பேசினால் வீட்டில் எல்லோர் காதிலும் விழும். அதனால் திருப்பதிக்கு வரும் முனிரத்தினத்திடம் இதையும் இரண்டு பொட்டலங்களையும் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றில் கீரை, மற்றதில் பாத்தி மண். இரண்டிலும் குரோமியம் இருக்கிறதா என்று உன் லேபில் உடனே பார்.

நம் சாயப்பட்டறையில் நீ மாங்கொட்டைத் தூள் நிரப்பி வைத்த வடிகட்டும் டிரம்மைக் குறை சொல்லவில்லை. சாயத் தண்ணீர் சுத்தமாகத்தான் வெளியே வருகிறது. ஆனால் சாயத்தின் குரோமிய விஷத்தைப் பிடித்துக்கொண்ட அந்தத் தூளை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? இங்கே ஆபீசில் கேட்டால் சித்தூருக்குப் போ என்கிறார்கள். சித்தூரில் கேட்டால் திருப்பதிக்குப் போ என்கிறார்கள். மூன்று முறை அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒன்பது மூட்டை மூலையில் கிடந்தது.

அதில் இரண்டை உன் அம்மா கீரைப் பாத்தியில் கொட்டிவிட்டாள். மாங்கொட்டைதானே, நல்ல எரு என்று நினைத்தாளாம். ஆறு வாரமாக அந்தக் கீரையைத்தான் தின்றோம். உன் அண்ணி தரணிக்கு இது ஐந்தாம் மாதம் என்று அவளுக்கு மட்டும் தினமும் இரண்டு கரண்டி கூடுதல். தூளைக் கையால் தொடாதீர்கள் என்று நேற்று நீ உன் அம்மாவிடம் சொல்லி போனை வைத்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. மீதிக் கீரையைப் பிடுங்கி அதையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் ஸ்ரீஹரி, "மூட்டையில செவப்புச் சீட்டு ஒட்டிக்கினு இருந்துச்சே, கண்ணு தெரியலையாம்மா" என்று பெற்றவளைப் பார்த்துக் கத்துகிறான். அவளோ, "சீட்டே இல்லடா, காணிப்பாக்கம் புள்ளையார் முன்னால வந்து சத்தியம் பண்றேன்" என்று சோறு தண்ணீர் இல்லாமல் அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போகிறோம்.

அவள் சொல்வது நிஜம். நீ ஒட்டிய சீட்டுகளைக் கிழித்தவன் நான். துணி எடுக்க வந்த வியாபாரி அதிலிருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்து, "இன்னா உமாபதி, விஷமா காய்ச்சற" என்று சிரித்தான். ரோஷம் வந்துவிட்டது. நேற்றிலிருந்து அவள் திட்டு வாங்குவதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சத்தியம் பண்ண விடமாட்டேன். அதற்குள் பார்த்துச் சொல்லம்மா. நல்ல சேதி என்றால் தரணிக்கே போன் செய். இல்லையென்றால் முதலில் என்னைக் கூப்பிடு, அவளிடம் நானே சொல்கிறேன்.

நீ நன்றாயிரு. சோதனையில் உன் கைக்கு நல்ல முடிவாகவே வரட்டும்.

உன் நைனா,
உமாபதி