புன்னைக்கரைக் கொற்றியாருக்குக் கோளரிவேள் தன் கையால் எழுதியது

மழை மாறாது பெய்க. கன்னலாறு கரை உடைக்காது ஓடுக. புன்னைக்கரையின் பதினேழு குடில்களும், இரண்டு வரகுக் கொல்லைகளும், அங்கே உலை வைத்து உண்ணும் முப்பத்தொன்பது உயிர்களும் நலம் பெறுக.

செறுவை நாட்டின் கோ, குமிழூர்க் கோட்டையின் காவலன், நெடுங்குன்றம் வென்றவன், மூன்று ஆற்றுத் துறைகளுக்கும் உரியவன், மாசறு பொன்மேனியன் எனப் புலவர்களால் பாடப்பெற்றவன் ஆகிய கோளரிவேள், கன்னலாற்றின் அக்கரையில் புன்னைக்கரைக்குத் தலைமை பூண்டு, ஒதுக்கப்பட்டோரை ஒரு குடியாக்கி ஆண்டுவரும் கொற்றியாருக்கு வணக்கம் கூறி விடுக்கும் ஓலை. மேற்கண்ட பட்டங்களில் கடைசிப் பட்டத்தை விட்டுவிடலாம் என்று எண்ணினேன். அதுவும் இருந்தால்தான் இனிச் சொல்லப்போவது விளங்கும் என்பதால் எழுதிவைத்தேன்.

இதை எழுதியவர் ஓலைநாயகம் அல்லர். இதை நம்பிச் சொல்லி எழுதுவிக்க எனக்கு அரண்மனையில் ஒருவரும் இல்லாமையால் நானே எழுத்தாணி பிடித்தேன். எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், பொறுத்தருள்க. சந்தனக்கூடத்தில் நீர் பணிசெய்த எட்டு ஆண்டுகளில் உம்மை நான் ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கொற்றி என்பது உம் பெயர் என்று நான் அறிந்ததே, உம்மை ஆறு கடத்தும் ஆணையில் முத்திரை பதிக்கும்போதுதான்.

உம் ஓலை சென்ற வளர்பிறையில் வந்தது. உமக்காக எழுதியவர் நீர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார். அதனை நானும் மாற்றாமல் இங்கே பெயர்த்து வைக்கிறேன், பின்னாளில் இவ்விரண்டு ஓலைகளும் ஒன்றாக வைக்கப்பட வேண்டும் என்பதற்காக:

"ராசா, எம்மவ சேந்திக்கும் ஒடம்புல தடிச்சுத் தடிச்சு வருதாம். வர்ற மெய்காண் நாளைக்கு அவளுக்குப் பதிமூணு முடிஞ்சிரும், வரிசையில நிறுத்திருவாக. நான் அரைச்சுக் குடுத்த சந்தனம் எந்த ஒடம்புக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கும் வாயத் தொறக்கல, இன்னைக்கும் தொறக்க மாட்டேன். பிள்ளைய மட்டும் விட்டுருங்க."

இதை மிரட்டலாகக் கொள்ளலாமா என்று ஒரு பகல் முழுதும் எண்ணிப் பார்த்தேன். அரசனாக இருப்பவனுக்கு முதலில் தோன்றுவது அதுதான். பிறகு திரும்பத் திரும்பப் படித்ததில், மிரட்டுகிறவர் எவரும் 'இன்றும் வாய் திறக்க மாட்டேன்' என்று எழுதமாட்டார் என்ற எளிய செய்தி என் மண்டையில் ஏறியது. அதன்பின் எனக்கு உண்டானது அச்சம் அன்று. வெட்கம் உண்டானது, வெட்கத்துக்கும் அடியில், சொன்னால் நம்பமாட்டீர், மகிழ்ச்சி உண்டானது. என் உடம்பை அறிந்த மருத்துவர் கீரந்தையார் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்நாள் முதல் இவ்வுலகில் அதை அறிந்தவன் நான் ஒருவனே என்று இருந்தேன். இன்னொருவரும் அறிந்திருக்கிறார் என்றபோது மனம் சற்று ஆறியது.

ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். முடி சூடிய இரண்டாம் ஆண்டு, நெடுங்குன்றத்துப் பாசறையிலிருந்து திரும்பிய மறுவாரம், கச்சை இறுகிய இடத்தில் கொசு கடித்தாற்போல் நான்கைந்து தடிப்புகள் கண்டன. நண்பகலுக்குள் அவை கொட்டைப்பாக்களவு ஆகி, ஒன்றோடொன்று கூடி, முதுகு முழுதும் பரந்தன. நகம் பட்ட இடமெல்லாம் தீப்பற்றியது. கீரந்தையாரை அழைத்து வருவதற்குள் அனைத்தும் மறைந்துவிட்டன. சட்டையைக் கழற்றிய எனக்கு அசட்டுச் சிரிப்புத்தான் மிஞ்சியது. மூன்றாம் முறை அவர் அருகிலேயே காத்திருந்து பார்த்தார். இது காணாக்கடி; ஒட்டாது, கொல்லாது; இன்று போகும், நாளை வரும்; ஓராண்டில் நின்றாலும் நிற்கும், உயிர் உள்ளளவும் தொடர்ந்தாலும் தொடரும்; ஏன் வருகிறது என்பதை எந்த மருத்துவனும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று கூறினார். இது நிகழ்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கத்திரிக்காயை விட்டேன். கருவாட்டை விட்டேன். எனக்கு உயிரான ஆற்று நண்டையும் விட்டேன். அவற்றை விட்டதால் நாக்குச் செத்ததே தவிர நோய் அசைந்து கொடுக்கவில்லை. நானே பூசிக்கொண்ட சந்தனம் ஒன்றே எரிச்சலைச் சற்றுத் தணித்தது.

வெயில் பட்டால் வரும். சினம் கொண்டால் வரும். சில நாள் எக்காரணமும் இன்றி, நல்ல மனத்தோடு எழுந்த காலையில் வரும். கண்ணிமை வீங்கிய நாள்களில் அரசர் நோன்பிருக்கிறார் என்று அறிவிக்கப்படும். உதடு வீங்கிய நாள்களில் மௌன விரதம். இவ்வாறு நான் நோற்ற விரதங்களைக் கேள்வியுற்று மூன்று ஊரார் எனக்குக் கோயில் எடுக்க இசைவு கேட்டனர்!

அரசரை எவரும் தொடலாகாது என்று ஓர் ஆணை பிறப்பித்தேன். வெற்றி பெற்று மீண்ட படைத்தலைவரைத் தழுவாமல் தலையசைத்து அனுப்பினேன். புலவர்கள் அதை எட்டாத பெருமை என்று பாடினர். பாடட்டும் என்று பரிசளித்தேன். தேவிக்கு மட்டும் பாட்டால் விடை சொல்ல இயலவில்லை. மணந்த ஓராண்டுக்குள் அவருக்குத் தனி மாளிகை அமைத்துக் கொடுத்தேன். தம்மிடம் என்ன குறை கண்டேன் என்று அவர் ஒருமுறை கேட்டனுப்பினார். குறை ஒன்றும் இல்லை என்று பதில் அனுப்பினேன். அதன்பின் அவர் கேட்கவும் இல்லை. அவையில் ஒரு முழத் தொலைவில் அமர்ந்திருக்கிறோம். என் தோளில் ஒரு கை பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன, கொற்றியாரே. இதனை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுதத் தோன்றியது.

இனி உமக்கு இழைத்த தீங்கு. சட்டத்தை நீக்கும் ஓலையில் சட்டத்தை முதலில் உரைப்பது நம் முறையாதலால், நீர் அறிந்ததையே மீண்டும் உரைக்கிறேன். அறுவடை முடிந்த பின் வரும் முதல் முழுநிலவு நாள் மெய்காண் நாள். கோட்டைக்குள் பணிபுரிவோரில் பதின்மூன்று நிரம்பிய அனைவரும் கையும் கழுத்தும் மறைக்காது அரசவை மருத்துவர் முன் நிற்க வேண்டும். மருத்துவர் உண்டு அல்லது இல்லை என்ற ஒரு சொல் மட்டுமே சொல்வார். உண்டு எனப்பட்டவர் அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு கடந்துவிட வேண்டும். மருத்துவரின் சொல்லுக்குப் பின் அரசன் விரும்பினால், அது என்ன நோய் என்ற ஒரே வினாவைக் கேட்கலாம்; ஒட்டாத நோய் என்று விடை வந்தால் விட்டுவிடலாம். அரசனும் மெய் காட்ட வேண்டியவனே. ஆனால் முடி சூடும் நாளில் ஒருமுறை காட்டினால் போதும். நான் சூடிய நாளில் என் மேனி துடைத்து வைத்த குத்துவிளக்காக இருந்தது. ஆளப்படுவோர் ஆண்டுதோறும் நிற்க, ஆள்வோன் ஒருமுறை நின்றால் போதும் என்று வகுத்த முன்னோர்கள் விவரமானவர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நீர் வரிசையில் நின்ற அன்று பனி மிகுதி. ஆற்றில் தலை முழுகி ஈரத்தோடு வந்து நின்றீர். உம் இரு கைகளிலும் தடிப்பு எழுந்திருந்தது. பத்து அடி தொலைவிலிருந்தே அது இன்னதென்று நான் அறிந்தேன். கீரந்தையாரும் அறிந்தார். அவர் உண்டு என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வினவுக, நான் விடை சொல்கிறேன் என்பது அப்பார்வையின் பொருள். வினவியிருந்தால் காணாக்கடி என்றிருப்பார். ஒட்டாத நோய் என்று உம்மை விட்டிருப்பர். ஆனால் இதனை வேறு எங்கே கண்டீர் என்று அவையில் ஒருவர் அவரைக் கேட்டிருப்பார், அவரோ பொய் சொல்லத் தெரியாதவர். நான் வினவவில்லை. என் சட்டைக் கைக்குள் அதே தடிப்பு அதே நேரம் எரிந்துகொண்டிருக்க, அக்கையாலேயே முத்திரை பதித்தேன். நீர் என்னை நிமிர்ந்து பார்த்தீர். அழுகிறீர் என்று அன்று எண்ணினேன். அறிந்துதான் பார்த்தீர் என்பது உம் ஓலை வந்த பிறகே எனக்கு விளங்கியது. ஒரு சொல் சொல்லி நீர் தப்பியிருக்கலாம். நாலு வயதுப் பிள்ளையைக் கோட்டைக்குள் விட்டுவிட்டுப் படகு ஏறினீர். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

உம் மகள் இப்பொழுது நீர் இருந்த சந்தனக்கூடத்திலேயே பணிசெய்கிறாள். சென்ற வாரம் நான் அங்கே செல்லும் காரணம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டு சென்றேன். கூடத்தின் வெக்கையிலும் கழுத்துவரை துணி சுற்றிக்கொண்டு அரைத்துக்கொண்டிருந்தாள். அருகில் வந்த தோழியிடம் சற்று எட்ட நிற்குமாறு சொன்னாள். பதின்மூன்று வயதில் அவள் அதைக் கற்றுவிட்டாள். எனக்கு அதைக் கற்க இருபத்து மூன்று வயது ஆயிற்று.

முதலில் உமக்கு வேறோர் ஓலை எழுதினேன். சேந்திக்கு இவ்வாண்டு விலக்கு அளிக்கப்பட்டது என்ற ஒரே வரி. எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே சரியில்லை என்று பட்டது. விலக்கு பெற்றவள் ஏன் பெற்றாள் என்று கூடத்தார் கேட்பர். அடுத்த ஆண்டும் விலக்கு வேண்டும், அதற்கு அடுத்த ஆண்டும் வேண்டும். என்னைப் போல் ஒருத்தியை நானே உண்டாக்கிக் கோட்டைக்குள் பூட்டி வைப்பதைவிட, அவள் உம்மிடமே வந்து சேரலாம். அவ்வோலையை முறித்து அடுப்பில் இட்டேன். வினவி விடுவிக்கலாம் என்றால், இப்போதைய மருத்துவர் காணாக்கடியை அறியாதவர்.

ஆதலின் நான் துணிந்தது இது. வரும் மெய்காண் நாளில் மருத்துவர் முன் முதலாவதாக நானே நிற்பேன், சட்டையின்றி நிற்பேன். இரண்டாவதாக உம் மகள் சேந்தி அழைக்கப்படுவாள். காணாக்கடி பற்றிக் கீரந்தையார் சொன்னதை அவையோர்க்கு நானே உரைத்து, ஒட்டாத நோய் உடையோரை ஆறு கடத்தும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது என்று அறிவிப்பேன். அவையோர் ஏற்பர் என்று உமக்கு வாக்களிக்க என்னால் இயலாது. மறுவுடையவன் அரியணையில் அமரலாகாது என்பதும் நம் சட்டமே. என் தம்பி மகன் நல்ல வில்லாளி, மேனியும் மாசற்றது. அவனே தக்கவன் என்று அவையோர் முடிவு செய்தால் செய்யட்டும். எது நிகழ்ந்தாலும் சேந்தி தனியே அழைக்கப்பட மாட்டாள், தனியே படகு ஏறவும் மாட்டாள்.

அவ்வாறு நிகழுமாயின் புன்னைக்கரைக்கு வந்து வாழ எனக்கும் உமது இசைவு வேண்டும். எனக்கு வரகுக் கொல்லையில் வேலை தெரியாது, கற்றுக்கொள்வேன். தனிக்குடில் வேண்டியதில்லை. தனிக்குடிலில் இருந்தது போதும்.

ஒன்று மட்டும் என்னை அலைக்கழிக்கிறது. வேண்டாத நாளெல்லாம் வரும் இந்நோய், வேண்டும் அந்த ஒரு நாளில் வராது போனால் என் செய்வது? மேனி மாசின்றி இருக்க, அரசர் ஒரு பணிப்பெண்ணைக் காக்கப் பொய்யுரைக்கிறார் என்று அவை நகைத்துக் கலையும். இதற்கும் ஒரு வழி கண்டுவிட்டேன். எழுத்தாணியின் மழுங்கிய முனையால் என் தோல்மீது கோடு இழுத்தால், இழுத்தவாறே அது தடித்து எழும். கால் நாழிகையில் எழுந்து, இரண்டு நாழிகை நிற்கும். அன்று மேனியில் தடிப்பு இல்லையேல், அவையோர் காண என் முன்கையில் உம் பெயரை எழுதுவேன். எழுத்தறிந்தோர் அனைவரும் எழுந்து வந்து படிக்கும் வரை கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

கன்னலாற்றுப் படகோட்டிகளுக்கும் மேலைவாயில் காவலர்க்கும் ஆணை: இவ்வோலையுடன் வரும் கொற்றியாரைத் தடையின்றி ஏற்றி வருக, அவை முன்றிலில் அவர் மகளின் அருகில் நிறுத்துக, அவர் கையில் தடிப்பு உண்டா இல்லையா என்று எவரும் பாராதீர்.

அறுவடை முடிந்த ஏழாம் நாள், குமிழூர்க் கோட்டையில், என் கையால் எழுதி, என் கணையாழியால் முத்திரையிட்டேன். கோட்டைக்குள் இது ஆணை. புன்னைக்கரையில் இது வேண்டுகோள். ஏற்பதும் மறுப்பதும் உமது உரிமை.

கோளரிவேள்.