உங்களை நிறுக்காத தராசு

அம்மா,

இன்று காலை வெள்ளவத்தையில் நம் டொக்டரிடம் போனேன். வாசலில் அதே முள்ளுத் தராசு. "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ" என்றாள் நேர்ஸ். எனக்குச் சொல்லவேண்டுமா? பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதில் ஏறி இறங்குகிறவள் நான். முள் காட்டுவதை வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசிப்பது உங்கள் வேலை. ஒருநாள் நான் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, "செருப்பாலதானே உனக்கு இவ்வளவு நிறை" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

உங்களுக்கோ கலியாணச் சட்டை வயது போன பிறகும் அளவாக இருந்தது. கடைசி வருடம் அதுவும் தொளதொளத்தது. தையல்காரரிடம் சட்டைகளையெல்லாம் பிடிக்கக் கொடுத்தீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கோயிலில் பெண்கள் கேட்க, குரக்கன் கஞ்சி என்றீர்கள். அந்தக் கஞ்சியும் உங்களுக்கு இறங்கவில்லை என்பது கோப்பை கழுவிய எனக்குத்தான் தெரியும். டொக்டரிடம் போவோம் என்றால், "நான் மெலியிறது உனக்குப் பொறுக்குதில்லை" என்றீர்கள்.

கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிப்போனேன். என்ன வருத்தம் என்று டொக்டர் உங்களைத்தான் கேட்டார்.

"எனக்கொரு வருத்தமும் இல்லை டொக்டர். இவளைப் பாருங்கோ. இந்த உடம்போட இவளை ஆர் கட்டுவான்? ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ."

"அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குதில்லை டொக்டர்" என்றேன்.

"பொய். என்ர பங்கையும் சேர்த்து இவள்தான் சாப்பிடுறாள்."

டொக்டர் சிரித்தார். என்னை நிறுத்தார். சோற்றைக் குறை, சீனியை விடு என்று எனக்குப் புத்தி சொன்னார். எழும்பும்போது, "அம்மாவைப் பாரும், இந்த வயசிலயும் எப்பிடி இருக்கிறா" என்றார். உங்களைத் தராசில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. காலி வீதிக் கடைகளைத் தாண்டி நடக்கும்போது, "வடை வேண்டித் தரட்டோ?" என்று கேட்டீர்கள். வென்றுவிட்ட சந்தோஷம் உங்கள் முகத்தில் இருந்தது.

பிறகு சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வர, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அங்கிருந்த டொக்டர் என்னைப் பார்த்து, "இவ்வளவு மெலியும்வரைக்கும் வீட்டில ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?" என்று கேட்டார். நீங்கள் விழித்துக்கொண்டுதான் கிடந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசி நாட்களில் உங்களைத் தனியாளாகத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவேன். தோளில் கிடந்தபடியே, "உன்ர உடம்பு இதுக்காவது உதவுது" என்றீர்கள். நன்றி சொல்ல உங்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று நினைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

இன்று டொக்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, "நல்லாக் குறைஞ்சிருக்கிறீர். டயட்டோ?" என்றார்.

"இல்லை டொக்டர், சும்மா குறைஞ்சது. எல்லாத்தையும் சோதிக்க எழுதித் தாங்கோ."

அவர் இம்முறை சிரிக்கவில்லை. இரத்தம் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்ததே எனக்கும் வந்துவிட்டதோ என்ற பயம்.

ஆனால் பயம் பிறகுதான் வந்தது, அம்மா. முள் குறைந்து நின்றதைக் கண்டதும், ஓடிப்போய் உங்களிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன்.