‘இன்று ரொட்டி தீர்ந்துவிட்டது’

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் வலியும் அவரோடு சேர்ந்து நலமாகவே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே, முடிந்த கதை. போன வாரம் பேக்கரியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் திறந்த பெரிய கடைதான் காரணம் என்று அப்பா முடிவே கட்டி, ஓவனை விற்றுவிட்டுக் கடையை மூடத் தரகரிடம் பேசிவிட்டார். பிறகு பார்த்தால், நம் இணையதளத்தில் ‘இன்று ரொட்டி தீர்ந்துவிட்டது’ என்று ஒரு நாள் உன்னைப் போடச் சொன்னோமே, அதை எடுக்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றவேயில்லை, விடிந்தால் தானாகப் போய்விடும் என்று இருந்துவிட்டோம். இப்போதெல்லாம் இணையதளத்தைப் பார்த்துவிட்டுத்தானே ஆட்கள் வருகிறார்கள். மாடியில் குடியிருக்கும் கணினிக்காரப் பெண் படியில் என்னைப் பார்த்து, தினமும் தீர்ந்துபோகுதே ஆன்ட்டி, நல்ல வியாபாரம்போல என்றாள், அப்போதுதான் விளங்கியது.

நான் விடுவேனா, அவளை உட்காரவைத்துக் குடைந்தெடுத்தேன். நீ செய்தது ஸ்டாட்டிக்காம், நாமாக மாற்றும்வரை யார் வந்தாலும் ஒரே பக்கத்தைக் காட்டும், சட்டென்று திறக்கும், பராமரிப்பும் குறைவு. டைனமிக் என்றால் ஒருவர் கேட்கும்போதே சர்வர் என்கிற கணினி, கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்து மிச்சம் எவ்வளவு ரொட்டி என்று சொல்லுமாம், ஆனால் பாதுகாப்பு, பராமரிப்பு என்று வேலை அதிகம். கடை பூட்டியிருக்கும்போதும் சர்வர் ஏன் முழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டேன், ஆள் வந்தால் மட்டும் எழுந்திருக்கிற வகையும் கிளவுட் என்கிற வாடகைக் கணினியில் உண்டாம், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. படமும் முகவரியும் நீ செய்த பக்கத்திலேயே இருக்கட்டும், இருப்பையும் ஆர்டரையும் மட்டும் அதில் வைக்கலாம் என்பது என் எண்ணம், சரிதானா என்று யோசித்துச் சொல்.

ஓவனை விற்கும் பேச்சை அப்பா விட்டுவிட்டார். அந்தப் பெண் சோதனைக்கு ஒரு பக்கம் செய்து, நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க அங்கிள் என்றாள். அப்பா ஒற்றை விரலால் தட்டித்தட்டி உன் பெயரைப் போட்டு, ஓரம் முறுகிய ரொட்டி ஒன்று என்று எழுதி, உன் வீட்டு முகவரியைக் கொடுத்தார். அந்த இடத்துக்கு அனுப்ப முடியாது என்று வந்தது. இதைவிடப் பெரிய சர்வர் எடுத்தா அனுப்புமாம்மா என்று அவளிடம் கேட்டார்.

குறையொன்றும் இல்லாமல் நிறைவாக இரு கண்ணா. இணையதளத்தின் கடவுச்சொல்லை எங்களுக்கும் அனுப்ப மறக்காதே, லீவும் கேட்டுப் பார்.

உன் அம்மா