ஏரிக்கு நாஷ்டா

ஆகஸ்ட் 3, ஞாயிறு
சுதந்திர தின கிரிக்கெட் மேட்சுக்கு, பந்து தெரிய வெள்ளைத் திரை வேண்டுமாம். உரச்சாக்கு இருக்கும் ஊரில் திரைக்கு என்ன பஞ்சம்? நானும் என் வகுப்பு அன்புராஜும் நாற்பது காலிச் சாக்குகளை எங்கள் ஊர்ச் சித்தேரியில் அலசினோம். மூலையில் ஒட்டியிருந்த உரமெல்லாம் கரைந்தது. "மீனுக்கு நாஷ்டா வெச்சிட்டோம் பிரின்சி" என்றான். மீன் பீட்டர் மாமாவுடையது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் நேரே இங்கேதான். கிறிஸ்துமசுக்குப் பிடிக்கப் போகிறார்.

ஆகஸ்ட் 9
ஏரி பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, பிஸ்தா குல்ஃபி. கரையில் அட்டை மாட்டினேன்: 'பெயிண்ட் இலவசம். பிரஷ் உங்களுடையது.' ஊரே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "கழிவுத்தண்ணி! இது கம்பெனிக்காரன் வேலதான்!" என்று டீக்கடையில் கத்தினார். நானும் தலையாட்டினேன்.
ஏன் ஆட்டினேன்?

ஆகஸ்ட் 12
சயின்ஸ் ஜெனிபர் மிஸ் போன வாரம் வகுப்பு ஜன்னலில் வைத்த இரண்டு பாட்டில் தண்ணீரில், உரம் ஒரு சிட்டிகை போட்டது மட்டும் பச்சை. "பாசி ராத்திரில தண்ணியில இருக்கிற ஆக்சிஜன இழுத்துக்கும், மீன் திணறும். பாசி செத்தா சேத்துல போய்த் தங்கும். ஆழமில்லாத ஏரி இல்லியா, காத்தடிச்சா சேறு கலங்கி மறுபடி பாசிக்கே சோறு" என்றார்.
எங்க ஊட்டு சாம்பார் மாதிரி. மூணு நாள் சூடு பண்ணிச் சூடு பண்ணி.
சாக்குக்கு எத்தனை சிட்டிகை என்று நோட்டில் கணக்குப் போட்டேன். நாற்பது சாக்கு.

ஆகஸ்ட் 14
விடிஞ்சதும் ஓடினேன். மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. மாமா கரையில சும்மா நிக்கிறாரு. அழுதுட்டேன் —
"சாக்கு கழுவுனது நான்தான் மாமா! மோட்டார் போடு, தண்ணிய மேல பீச்சியடி, காத்து கலக்கும்!"
போட்டார். வெயில் ஏறியபின் மீன்கள் உள்ளே இறங்கின. ஆறேழு மட்டும் மிதந்தன. பிறகுதான் என் பக்கம் திரும்பினார். செத்தேன் என்று நினைத்தேன்.
"நீ காலி சாக்கு கழுவுன. நான் மீனு கொழுக்கட்டும்னு ரெண்டு மூட்ட உரம் முழுசா கொட்டிக்கீறேன். அத்தைகிட்ட சொல்லிடாதமே."

ஆகஸ்ட் 15
டீக்கடையில் இருவரும் உண்மையைச் சொன்னோம். மாமாவைத் திட்டினார்கள். நான் சொன்னதை ஜோக் என்று சிரித்தார்கள். அநியாயம்!

டிசம்பர் 21
மழையில் ஏரி வழிந்து பச்சை பாதி போனது. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க மிஸ் கொடுத்த வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன். ஆகஸ்டில் ஒரு சாணில் மறைந்தது, இன்று முழங்கால் ஆழம் வரை தெரிந்தது. கோடையில் சேற்றை வாரிப் பக்கத்துச் சடையப்பன் அண்ணன் வயலுக்கு உரமாகக் கொடுக்கப் போகிறாராம் மாமா.
கரையில் அவரே அட்டை மாட்டியிருக்கிறார்: 'இங்கு சாக்கு கழுவாதே. கழுவினால் பிரின்சி பிடிப்பாள்.'
திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் என் பழைய 'பெயிண்ட் இலவசம்'.