கல்லுக்கு அடியில் கரி

கார்கில் சண்டைக்கு அடுத்த வருஷம், ஆடி வெள்ளி. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் கிராமத்தைப் புனே நகரப் போலீசில் சேர்த்ததும் ஊர்த் தகராறுகளை விசாரிக்கும் போலீஸ் பாட்டீல் பதவி போய்விட்டது. அதுதான் பக்கத்து நிலத்துக் கண்பத்துக்குத் தைரியம். என் எல்லைக்கல்லைப் பிடுங்கி, என் நிலத்துக்குள் நட்டுவிட்டான். இன்று டவுன் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"எழுதின காகிதம் இருக்கா, பாபா?" என்றான் ஹவல்தார்.

"பழைய இடத்தைத் தோண்டுங்க சாகேப், கரி கிடக்கும். கல்லு நட்டா அடியில கரி போடுறது எங்க வழக்கம். அன்னைக்குப் போட்டதை, பாட்டீலையும் சேர்த்து அஞ்சு பேர் பார்த்தாங்க."

"எல்லாரும் மேலே போயிருப்பாங்களே! சாட்சிக்கு அங்கேயா ஆள் அனுப்ப?"

"நாலு பேர்தான் போனாங்க. நாளைக்கு ஆளோட வரேன், நாற்காலி போட்டு வைங்க" என்றேன்.

அந்தக் கரியைத் தன் அடுப்பிலிருந்து அள்ளி வந்தவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். கண்பத்தைப் பெற்ற சோனாபாய்.