பட்டன் டயரும் மூன்றாவது ஓலையும்

திங்கள், அக்டோபர் 14

காலையிலிருந்து தூறல். அக்கா துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில். முகத்தில் ஈரத்துண்டு இடிக்காமல் அடுப்படிக்குப் போக முடியவில்லை.

நேற்று பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இங்கே காரைக்கால் தலத்தெருவில் எங்கள் கோயிலிலும், அங்கே நாகப்பட்டினத்தில் நான் கட்டிக்கப்போகிற ஸ்டெல்லாவின் கோயிலிலும். "ஆட்சேபம் உள்ளவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும்" என்று என் பெயரை மைக்கில் வாசித்தபோது காது சுட்டது. முப்பத்தொன்பது வயதில். இன்னும் இரண்டு ஞாயிறு இப்படி வாசித்தால்தான் கல்யாணம்.

வெளியே வந்ததும் பாடகர் குழுக்காரன் ஒருத்தன், "அந்தோணிக்கு ஆட்சேபம் சொல்ல யாருக்குடா தெம்பு இருக்கு? இவனுக்கு ஆனா போதும்னு இருக்கோம்." எல்லாரும் சிரிப்பு. நானும்தான்.

வேலை: நெல் லோடு அடிக்கிற என் பிக்அப் வண்டியை ரஃபீக் பாய் பட்டறையில் விடணும். பெரிய டயர், முன்னால் ஃபோகஸ் லைட். போன வருஷம் குறுவை அறுப்பில் நெடுங்காட்டு வாய்க்கால் கரையில் வண்டி அச்சு வரை சேற்றில். மூட்டை நனைந்து நெல் முளைவிட்டுப்போனது. அந்த வயல்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செவ்வாய், அக்டோபர் 15

நாள் முழுக்கப் பட்டறை. டயர் நாலும் ஏறிவிட்டது. பட்டன் பட்டனாக, சேற்றைக் கவ்வுகிற ரகம். வண்டி நாலு விரல் உயரம் கூடியிருக்கிறது. அழகு!

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசல். கர்ர்ர்.

"ஒரு சைஸ் கம்மியா போடுன்னு சொன்னேன்ல. கேட்டாத்தானே?"

"மாப்பிள்ளைகிட்ட பேசுற பேச்சா பாய் இது?"

"மாப்பிள்ளைன்னா டயரு உரசாதா?"

மட்கார்டு ஓரத்தை வெட்டி உள்ளே மடித்தார். லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்காராமலிருக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதல். பம்பரில் இரண்டு லைட், தனி சுவிட்ச். மெயின் ரோட்டில் எரியவிடக்கூடாது, எதிரே வருகிறவனுக்குக் கண் அவிந்துவிடும் என்று மூடியும் போட்டுக் கொடுத்தார்.

அக்காவை ஏற்றிப் பார்த்தேன். ஒரு கால் ஏறியது, இன்னொன்று தரையிலேயே. தெருவே வேடிக்கை. "வண்டியாடா இது, யானையா? இறக்கி விடுடா என்னை!" ஏறவே இல்லை, எங்கே இறக்குவது?

ஸ்டெல்லாவுக்குப் போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான். டீச்சர், நோட்டுத் திருத்துகிற நேரமாக இருக்கும். அந்தக் கட்டைவிரலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன், அக்டோபர் 17

நெடுங்காடு. மழை விட்ட இடைவெளியில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டது. போன வருஷம் மாட்டிய அதே கரை. வண்டி போன போக்கைப் பார்க்கணுமே! நின்று பார்க்க நான் வெளியே இல்லாததுதான் குறை.

வயல்காரர் (அதே ஆள்தான்): "தம்பி, இந்த வண்டியை வச்சு பொண்ணே கட்டிடலாம் போலருக்கே."

"கட்டப் போறேன் அண்ணே."

சொல்லும்போது வாயெல்லாம் பல்.

பொழுது சாய்ந்ததும் லைட்டைப் போட்டேன். வயல் முழுக்க வெள்ளை வெளேர். மூட்டை ஒன்றுகூட நனையவில்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருக்கிறேன். ஸ்டெல்லா இதைப் பார்க்கணும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சனி, அக்டோபர் 19

வெயில் லேசாக. நாகப்பட்டினம் பக்கத்து ரைஸ் மில்லுக்கு லோடு. வாஞ்சூர் எல்லையில் போலீஸ் கை காட்டியது. நேற்றும் இப்படித்தான். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

"டயரு பெருசு. பின்னாடி பட்டை சேத்திருக்கு. லைட்டு வேற. எத்தனை பொட்டி?"

"நெல்லு சார்."

"எல்லாரும் நெல்லுன்னுதான் சொல்றாங்க."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இங்கே மலிவு என்று மது பாட்டில் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கடத்துகிறவன் வண்டிக்குச் செய்கிற வேலை முழுக்க இதுதானே! கனம் வெளியே தெரியாமலிருக்கப் பட்டை, வயல் வழியே ஓடப் பட்டன் டயர், இருட்டுக்கு லைட். காரைக்காலில் பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை, பாய்க்கும் தோன்றவில்லை. இரண்டு கூமுட்டைகள்.

மூட்டை மூட்டையாகக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். "போங்க" என்றார், மரியாதையாகத்தான். ஆனால் எதிர் டீக்கடையில் ஸ்டெல்லாவின் அண்ணன் லூர்து, கையில் கிளாஸோடு. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "அப்புறம் பேசுறேன் மாப்ள" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு வந்ததும் அக்கா சோறு போட்டாள். சாப்பிடவில்லை.

ஞாயிறு, அக்டோபர் 20

மழை. காலைப் பூசையில் இரண்டாவது ஓலை.

மத்தியானம் சாமியார் கூப்பிட்டு விட்டார். நாகப்பட்டினம் கோயிலில் ஆட்சேபம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை பாட்டில் கடத்துகிறார் என்று சந்தேகம். தெளிவாகிற வரை மூன்றாவது ஓலை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. யார் சொன்னது என்று கேட்டேன். அதைச் சொல்லக்கூடாதாம். சொல்லித்தான் தெரியணுமா? லூர்து மகராசன்.

கறிக்குழம்பு அப்படியே இருக்கிறது. தட்டை எடுத்து வைத்துவிட்டு அக்கா, "உனக்குன்னு ஒண்ணு அமைஞ்சு வந்துச்சேடா" என்றாள். அங்கே உட்கார முடியவில்லை.

திங்கள், அக்டோபர் 21

பட்டறை திறக்கும் முன்பே போய் நின்றேன். "கழட்டுங்க பாய். டயரு, லைட்டு, பட்டை, எல்லாத்தையும்."

பாய் ஸ்பானரைத் தொடவில்லை. "கழட்டிருவேன், அரை நாள் வேலை. ஆனா இப்பக் கழட்டுனா, ஆமா கடத்துனேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்தப் பொண்ணுகிட்ட பேசுனியா?"

பேசவில்லை. பயம். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டால்?

"மொதல்ல அதைப் பண்ணு. போ."

லூர்துவைத் திட்டி இங்கே அரைப் பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன்.

செவ்வாய், அக்டோபர் 22

அவளே போன் பண்ணினாள்.

"நேராக் கேக்குறேன். பாட்டில் ஓட்டுறீங்களா?"

"இல்லைங்க. மாதா சத்தியமா இல்லை."

"சரி."

"உங்க அண்ணன் சாமியார்கிட்ட போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அண்ணன் சிரிச்சுக்கிட்டேதான் வந்து சொன்னாரு, மாப்பிள்ளையை மடக்கிட்டாங்கன்னு. சாமியார்கிட்ட போனது நான்."

அவள் அப்பா உடம்பு முடியாமல் இறந்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். குடித்தே இறந்திருக்கிறார். எல்லை தாண்டி வந்து இங்கேதான் குடிப்பாராம். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் போட்டுவிட்டு இவள்தான் பஸ் ஏறி வந்து கடை கடையாகத் தேடிக் கூட்டிப்போவாளாம்.

"பாட்டில்ல வர்ற சோறு எனக்கு வேணாங்க. உங்களைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வீங்க. எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு."

எனக்குக் கோபம். அவள் அப்பாவும் நானும் ஒன்றா? போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் வண்டியில் போய் உட்கார்ந்தேன். கடை வாசலில் யூனிஃபாரத்தோடு நிற்கிற சின்னப் பெண் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். எத்தனை பேர் அவளைப் பார்த்தபடி தாண்டிப் போயிருப்போம். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். நான் என்ன செய்யணும் என்று கேட்டேன்.

"உங்க வண்டியில ஒரு நாள் வர்றேன். லோடு ஏத்துறதுலேர்ந்து இறக்குற வரைக்கும்."

வியாழன், அக்டோபர் 24

கனமழை. நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடம் லீவு. விடிந்தும் விடியாமலும் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். துணைக்கு லூர்து மச்சான். அவரைப் பின்னால் காலிச் சாக்கு மேல், தார்ப்பாய்க்குள் உட்கார வைத்தோம். மச்சானிடம் மனசுக்குள் ஆயிரம் மன்னிப்பு.

கை கொடுக்கலாமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாள். டூல் பாக்ஸைத் திறக்கச் சொன்னாள். நெடுங்காட்டில் சேற்றில் இறங்கி, கொட்டகையில் வைத்து ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டையையும் கட்டுவதற்கு முன் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தாள். வயல்காரர் என்னைப் பார்க்கிறார், நான் வானத்தைப் பார்க்கிறேன்.

வழியில், இந்தப் பட்டை எதற்கு, இந்த சுவிட்ச் எதற்கு என்று கேட்டாள். விட்டேனா? பட்டன், காற்று, மட்கார்டு உரசல், பாய் திட்டியது வரை எல்லாம்.

"டயரைப் பத்தி இவ்வளவு பேசுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"போரடிக்குதா?"

"இல்லை. சொல்லுங்க."

வாஞ்சூர். அதே போலீஸ்காரர். "யாரும்மா நீங்க?"

"இவரைக் கட்டிக்கப் போறவ சார். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவதுக்கு முன்னாடி நானும் செக் பண்ண வந்திருக்கேன்."

"ஏதாச்சும் கெடைச்சுதா?"

"ஒரு ஜெபமாலை, ரெண்டு டிபன் பாக்ஸ், எங்கண்ணன்."

அவரே சிரித்துவிட்டார். ஆனாலும் கம்பியை எடுத்தார். அவர் குத்திப் பார்க்கிற வரை அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு மூட்டையைக்கூட விட்டுவைக்க விடவில்லை.

மில்லில் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். "சாமியாரைப் பாக்கணும்" என்றாள். குடையை விரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு, அக்டோபர் 27

மழை விட்டிருக்கிறது. இரண்டு நாளாக அவளிடமிருந்து கட்டைவிரல்கூட இல்லை. பூசைக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன், அக்கா சட்டையைத் தேய்த்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

அறிவிப்பு: மறைக்கல்வி வகுப்பு நேரம் மாற்றம். கல்லறைத் திருநாளுக்குப் புல் வெட்ட ஆள் தேவை. சாமியார் பேப்பரைத் திருப்பினார். என் பெயர். மூன்றாவது முறை. அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

வெளியே வருவதற்குள் போன்.

"இங்கயும் வாசிச்சாச்சு. ஆட்சேபம் உள்ளவங்கன்னு சொல்லிட்டு எங்க சாமியார் நிறுத்திட்டாரு. எந்திரிப்பேனான்னு மொத்தக் கோயிலும் என்னையத் திரும்பிப் பாக்குது."

"நீ என்ன பண்ணுன?" நீ என்று வந்துவிட்டது.

"ஒக்காந்தே இருந்தேன்."